சட்டையில்லாமல் வந்த இயந்திரம்: ‘தி டெர்மினேட்டர்’ (1984) – ஒரு பட்ஜெட் விமர்சனம்

2029-இலிருந்து ஒரு கொலை இயந்திரம் 1984-க்கு வருகிறது. வரும்போது உடம்பில் பொட்டுத் துணி கிடையாது, கையில் ஆயுதம் கிடையாது. காலம் கடத்தும் கருவி உயிருள்ள தசையை மட்டுமே கடத்தும், மற்ற எதையும் விடாது என்கிறது கதை. உலோகக் கூட்டின் மேல் தசையும் தோலும் போர்த்தியிருப்பதால் இந்த இயந்திரம் சுங்கச்சாவடியில் மாட்டாமல் வந்துவிடுகிறது. இந்த ஒரே ஒரு விதியால் கலை இயக்குநருக்கு எவ்வளவு மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். 1984-இல் நடக்கும் கதைக்கு எதிர்கால உடை தைக்க வேண்டாம். எதிர்காலத் துப்பாக்கி செய்ய வேண்டாம். இயந்திரமும் அதைத் தடுக்க வரும் சிப்பாயும் உள்ளூர்த் துணியைப் பறித்துப் போட்டுக்கொள்கிறார்கள், உள்ளூர்த் துப்பாக்கியைத் தூக்கிக்கொள்கிறார்கள். காலயந்திரத்தைக்கூடக் காட்டவில்லை. கொஞ்சம் மின்னல், காற்று, பறக்கும் குப்பைக் காகிதம், புகை. வேலை முடிந்தது.

ஜேம்ஸ் கேமரூனின் இந்தப் படத்தில் ஒவ்வொரு கதை விதிக்குப் பின்னாலும் ஒரு செலவுக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பார்க்கிறவருக்குக் கணக்கு தெரியாது, பயம்தான் தெரியும். சென்னையில் குறும்படமோ சின்ன பட்ஜெட் அறிவியல் புனைவோ எடுக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறோம். முடிவு வரை பேசப்போகிறோம் என்பதால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் பணம். படத்தின் செலவு சுமார் 64 லட்சம் டாலர். அன்றைக்கு டாலர் பதினோரு ரூபாய்ச் சொச்சம், ஆக நம் கணக்கில் ஏழு கோடி. 1984-இன் கோடம்பாக்கத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே ஆண்டு ஹாலிவுட்டில் வந்த ‘டியூன்’ படத்துக்கு ஏறத்தாழ 4 கோடி டாலர் ஆனது. அந்தக் கடைத்தெருவில் இது சில்லறைதான். கேமரூன் வந்த இடமும் அப்படி. மலிவுப் படங்களுக்குப் பேர்போன ரோஜர் கார்மனின் கம்பெனியில் மினியேச்சர் செய்து, செட் போட்டு வளர்ந்தவர். எதைச் செய்தால் எவ்வளவு ஆகும், எந்தக் கோணத்தில் வைத்தால் எது தெரியாது என்று கை அறிந்த ஆள். கதை உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றார். பதிலுக்கு இயக்குநர் நாற்காலி தனக்கே என்று வாங்கிக்கொண்டார். படம் உலகம் முழுக்க 7.8 கோடி டாலர் வசூலித்தது.

கதை பிறந்தது 1982-இல், ரோம் நகரில் காய்ச்சலோடு படுத்திருந்த கேமரூனுக்கு வந்த கனவில். வெடிப்புக்கு நடுவிலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாத உலோக உடம்பு ஒன்று கத்திகளை ஊன்றித் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வருகிறது. அதாவது கிளைமாக்ஸ்தான் முதலில் வந்தது. அந்த அரை உடம்பை நோக்கிப் பின்னாலிருந்து முன்னால் கதை கட்டியிருக்கிறார்கள். இது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் கீழே பார்க்கலாம்.

கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்காலத்தில் இயந்திரங்களை எதிர்த்து நிற்கப்போகும் தலைவன் ஜான் கானர். அவன் பிறக்கும் முன்பே தாய் சாரா கானரைக் கொல்ல இயந்திரம் வருகிறது. அவளைக் காக்க கைல் ரீஸ் என்ற சிப்பாய் வருகிறான். போரில் ஆவணங்கள் அழிந்துபோனதால் இயந்திரத்துக்குத் தெரிந்தது ஊரும் பெயரும் மட்டும். அது என்ன செய்கிறது? பொதுத் தொலைபேசிக் கூண்டில் நுழைந்து டெலிபோன் டைரக்டரியைப் புரட்டுகிறது. சாரா கானர் என்ற பெயரில் மூன்று பேர். வரிசையாகக் கிளம்புகிறது. வானத்திலிருந்து செயற்கைக்கோள் கண்காணிப்பு, பறக்கும் திரை, ஒளிரும் வரைபடம் எதுவும் வேண்டாம். ஒரு பழைய புத்தகத்தின் பக்கமும், அதில் ஓடும் ஒரு விரலும் போதும். படத்திலேயே நெஞ்சைப் பிசையும் காட்சிகளில் ஒன்று இது. ஆன செலவு அந்தப் புத்தகத்தின் விலை.

இங்கே ஒரு இடைச்செருகல். இந்தக் கதையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. காப்பாற்ற வந்த கைல் ரீஸ்தான் ஜானின் அப்பா என்பது படத்தின் பெரிய முடிச்சு. மகன் தாயின் குடும்பப் பெயரோடு இருப்பதால் அது கடைசி வரை மறைகிறது. நம்மூரில் அவன் ‘கை. ஜான்’ ஆகியிருப்பான். இனிஷியலைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே தியேட்டரில் பின்வரிசை முடிச்சை அவிழ்த்திருக்கும்.

இயந்திரத்தின் உடம்பைத் தவணை முறையில் காட்டுவதுதான் படத்தின் உண்மையான சாமர்த்தியம். 107 நிமிடப் படத்தில் முழு உலோகக் கூடு வெளியே வருவது கடைசிக் கால் மணி நேரத்துக்குள்தான். அதுவரை ஆர்னால்டு ஷ்வார்செனகர் என்ற மனிதரின் உடம்பே ஸ்பெஷல் எஃபெக்ட். முதலில் புருவம் பொசுங்குகிறது. பிறகு மணிக்கட்டைக் கீறிப் பிஸ்டன்களைப் பார்க்கிறோம். பிறகு சேதமான கண்ணைத் தோண்டி எடுக்கிறது, உள்ளே சிவப்பு விளக்கு. உடனே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறது! காவல் நிலையத்தைச் சூறையாடும் நீண்ட காட்சி முழுவதும் அந்தக் கண்ணாடிதான் ஒப்பனைக் கலைஞரின் வேலையைச் செய்கிறது. கண்ணாடி போட்டது ஸ்டைலுக்காக என்று ஊரே நம்பியது, தனியாகப் போஸ்டரும் அடித்தார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் செயற்கைக் கண் ஒட்டும் மணிக்கணக்கான நேரம் அதில் மிச்சமானது.

நடிப்பிலும் இதே சிக்கனம். சுடும்போது கண் சிமிட்டாமல் இருப்பது, கையைப் பார்க்காமலே துப்பாக்கியில் குண்டு நிரப்புவது ஆகியவற்றை ஷ்வார்செனகர் பல நாள் பழகியிருக்கிறார். முதலில் கண்மணி திரும்பும், பிறகுதான் தலை திரும்பும். கண்காணிப்புக் கேமரா தாங்கிமேல் சுழல்வது போன்ற அந்த அசைவுக்கு ஒரு பைசா கிராஃபிக்ஸ் இல்லை. வசனமும் விரல்விட்டு எண்ணும் அளவு. நம் குறும்படங்களில் ரோபோவாக வருபவர் கையைக் காலை வெட்டி வெட்டி அசைத்து, ஒவ்வொரு சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது திருவிழா நாடக ரோபோ. பயம் வேண்டுமென்றால் வேண்டாத அசைவை எடுத்துவிட வேண்டும்.

இனி கூடு. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டன் குழுவில் ஏழு பேர் ஆறு மாதம் உட்கார்ந்து செய்த பொம்மை அது. களிமண்ணில் வடித்து, இரும்புக் கம்பி வலு சேர்த்து வார்ப்பெடுத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, குரோம் பூச்சு ஏற்றினார்கள். (அந்த வின்ஸ்டனின் பட்டறை ஆட்கள், அவர் 2008-இல் மறைந்த பிறகு தொடங்கிய லெகசி எஃபெக்ட்ஸ்தான் 2010-இன் ‘எந்திரன்’ படத்துக்கு ரோபோ உருவங்கள் செய்து தந்தது. கோடம்பாக்கத்துக்கும் இந்தப் பொம்மைக்கும் தூரத்து உறவு உண்டு.) முழு அளவுப் பொம்மையை நடக்க வைக்க முடியாது. அதனால் நெருங்கிய ஷாட்டில் இடுப்புக்கு மேல் பொம்மை. தள்ளி நிற்கும் ஷாட்டில், நடப்பது தெரிய வேண்டிய இடத்தில், சின்ன மாதிரியை வைத்து ஸ்டாப் மோஷன். இடையில் பாதம் மட்டும், கை மட்டும். மூன்றையும் மாற்றி மாற்றி வெட்டினால் ஒரே இயந்திரம் என்று மூளை நம்பிவிடும்.

ஸ்டாப் மோஷனில் ஒரு நிரந்தரக் கோளாறு இருக்கிறது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் மாதிரியைச் சற்று நகர்த்தி, அசையாமல் நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். நிஜ அசைவில் ஒவ்வொரு ஃபிரேமிலும் இருக்கும் மெல்லிய கலங்கல் இதில் இருக்காது. கண் அதைத் ‘திக் திக்’ என்று துள்ளும் அசைவாகப் பிடித்துவிடும். மாதிரியை ஷட்டர் திறந்திருக்கும்போதே மோட்டாரால் அசைக்கும் முறை 1981-இலேயே ‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் லூகாஸின் எஃபெக்ட்ஸ் கம்பெனியிடம் இருந்தது. இவர்களிடம் அதற்குக் காசில்லை. என்ன செய்தார்கள்? தீயில் மாட்டுவதற்கு முன்பே ஷ்வார்செனகரை நொண்ட வைத்தார்கள். மனித உடம்பாக இருக்கும்போதே இயந்திரம் காலை இழுத்து நடப்பதைப் பார்த்துவிட்டோம். பிறகு மாதிரி விறைப்பாக, வெட்டி வெட்டி நடந்தால் ‘கால் உடைந்திருக்கிறது’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தொழில்நுட்பக் குறைக்குக் கதையில் ஒரு காயத்தைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்கடுத்த படி இன்னும் அழகு. குண்டு வெடித்து இயந்திரம் இரண்டாகிறது. இனிக் கால்களே கிடையாது, ஸ்டாப் மோஷனும் கிடையாது. முழு அளவு அரை உடம்புப் பொம்மையைத் தரையோடு இழுத்தால் போதும். ரோமில் கண்ட கனவு வந்து சேர்கிற இடம் இதுதான். படத்தின் மிகப் பயங்கரமான பகுதியும், செய்வதற்கு மிக எளிதான பகுதியும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை.

சறுக்கல்களையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடி முன் கண்ணைத் தோண்டும் காட்சியில் முகப் பொம்மை அப்பட்டமாகத் தெரிகிறது. மனிதத் தோலுக்குள் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவிச் சிதறும். பொம்மைத் தோல் வெளிச்சத்தை மேலேயே நிறுத்திவிடும். கழிவறை விளக்கில், நிஜ முகத்துக்கு அடுத்த ஷாட்டிலேயே அதை வைத்தால் மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஷாட்டின் நீளத்தைப் பாதியாக்கி, விளக்கைப் பக்கவாட்டில் தள்ளியிருந்தால் பிழைத்திருக்கும். தொழிற்சாலையில் எலும்புக்கூடு வாசலில் நடந்து வரும் ஷாட்டில், மாதிரிக்கும் பின்னணிக்கும் படத்தின் துகள் (ஃபிலிமில் மணல்போலத் தெரியும் பொடி) வேறாக இருப்பதும் தெரிகிறது. ஏற்கெனவே எடுத்த ஃபிலிமைத் திரையில் போட்டு மீண்டும் படம் பிடித்தால் துகள் இரட்டிப்பாகும். எதிர்காலப் போர்க் காட்சிகளில் இதே முறை இருந்தும் தப்பித்தது, அங்கே எல்லாம் இருட்டு, நீலம், புகை, ஒவ்வொரு ஷாட்டும் சில நொடி என்பதால்.

தேதி விஷயத்தில் ஒரு சின்ன அபத்தம். ரீஸ் வந்திறங்கியதும் போலீஸ்காரரை மடக்கித் தேதி கேட்கிறான். மே 12, வியாழக்கிழமை என்று பதில். 1984 மே 12 சனிக்கிழமை. தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்தால் தீர்ந்துபோகிற சந்தேகம். காலப்பயணப் படம் எடுப்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இயந்திரத்தின் கண் வழியாக நாம் பார்க்கும் சிவப்புத் திரையில் ஓடும் எழுத்துகள் கணினிப் பிரியர்களுக்குத் தனி விருந்து. அதில் சில, ஆப்பிள் 2 கணினிக்காக நிப்பிள் என்ற இதழில் அச்சான 6502 அசெம்ப்ளி நிரல்வரிகள். 2029-இன் கொலை இயந்திரம் வீட்டுக் கணினியின் நிரலில் ஓடுகிறது! படத்தின் ஓட்டத்தில் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம். பார்வைக்குச் சிவப்புச் சாயம், ஓரத்தில் வேகமாக ஓடும் எழுத்து, நடுவில் ஒரு குறிவட்டம்: இன்றைக்கும் ‘இயந்திரம் பார்க்கிறது’ என்று சொல்ல எல்லோரும் எடுத்தாளும் மொழி இதுவே.

பிராட் ஃபீடலின் இசையைத் தாளம் போட்டுக் கேட்டுப் பாருங்கள். நான்கில் அடங்காது. சின்தசைசரில் முதலில் தாளத்தைச் சுழலவிட்டு, பிறகு மேலே மெட்டுப் போட்டபோது அமைந்துவிட்ட பதின்மூன்று அட்சரச் சுழற்சி அது. சொற்கட்டில் சொன்னால்: தகிட தகிட தகிட தக தக. கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்கு இது அந்நியமில்லை. தாளம் தெரியாத காதுக்கும் எங்கோ ஒரு கால் தடுக்குவது உறைக்கும். நிற்காமல், ஆனால் நொண்டி நொண்டி வரும் ஒன்று என்ற உணர்வு அங்கிருந்து வருகிறது. அந்த உலோக ‘டங்’ ஓசை இரும்பு வாணலியைத் தட்டி எடுத்தது. பெரிய வாத்தியக் குழு, ஸ்டூடியோ நாட்கள், எதுவும் இல்லை.

இதையெல்லாம் சென்னையில் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வருவோம். 2015-இல் வந்த ‘இன்று நேற்று நாளை’ நம்மிடம் ஏற்கெனவே உள்ள நல்ல உதாரணம். அங்கே காலயந்திரம் வருவது 2065-இலிருந்து, ஆனால் கதை ஓடுவது நமக்குத் தெரிந்த தெருக்களில். ஆனால் கதையில் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ ரோபோ, என்றால் உடம்பு செய்தாக வேண்டும். பொதுவாக நம் குழுக்கள் முதலில் முழு ரோபோவைச் செய்யத் தொடங்கி, முழங்கால் வரும்போது காசும் பொறுமையும் தீர்ந்து, கடைசியில் வெள்ளி பெயின்ட் அடித்த ஹெல்மெட்டோடு படப்பிடிப்புக்குப் போகின்றன. இந்தப் படம் சொல்லும் வரிசை வேறு: திரைக்கதையில் எந்தப் பாகம், எத்தனை நொடி, எந்த வெளிச்சத்தில் தெரியும் என்று எழுதிய பிறகே பட்டறைக்குப் போக வேண்டும். ஒரு முன்கை, ஒரு பாதித் தலை, ஒரு பாதம். பதினைந்து நிமிடக் குறும்படத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை.

முன்கைக்கு உலோகத் தோற்றம் வேண்டுமென்றால் புதுப்பேட்டைக்குப் போங்கள். பழைய பைக் பாகங்கள் குவிந்து கிடக்கும் சந்து அது. முன்பக்க ஃபோர்க்கின் உள்குழாய் நிஜ ஹார்டு குரோம். எந்த ஸ்பிரேயும் அந்தப் பளபளப்பைத் தராது. கேபிள், பேரிங், செயின் துண்டு, பிரேக் ராடு எல்லாம் எடை போட்டே கிடைக்கும். ஆனால் ஃபோர்க் குழாய் கனம். நடிகர் கையில் கட்டினால் இரண்டாவது டேக்கிலேயே தோள் இறங்கிவிடும். கேமராவுக்கு அருகில் உள்ள ஒரு குழாய் மட்டும் நிஜ இரும்பாக இருக்கட்டும், மற்றவை பி.வி.சி. எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர் என்று இரண்டு முறை கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது.

மண்டை ஓடு, தோள்பட்டை போன்ற வளைந்த பகுதிகளுக்கு 5 மி.மீ. மற்றும் 10 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் (செருப்பு அடிப்பாகம் போன்ற மெத்தென்ற ஷீட்). வெட்டிய ஓரங்களை ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசையால் ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிரிந்து வரும். ஹீட் கன்னால் மேற்பரப்பைச் சூடாக்கினால் நுண்துளைகள் மூடும். அதன் மேல் தண்ணீர் கலந்த வெள்ளை ஃபெவிகால் மூன்று கோட். பிறகு பளபளக்கும் கறுப்பு. குரோம் ஸ்பிரே அதற்கும் மேலே, மெல்லிய இரண்டு கோட். கறுப்பு எவ்வளவு வழவழப்போ குரோம் அவ்வளவு பளபளக்கும். சாம்பல் பிரைமர் மேல் நேரடியாக அடித்தால் கிடைப்பது வெறும் வெள்ளி பெயின்ட். முழுதாக ஒரு நாள் தொடாதீர்கள். பாதுகாப்புக்காக மேலே கிளியர் லாக்கர் என்ற நிறமற்ற பூச்சை அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அடித்ததும் குரோம் சாம்பலாக மங்கும். கைபடும் இடங்களுக்குக் கறுப்பின் மேல் கிராஃபைட் பொடியைத் துணியால் தேய்த்துத் துப்பாக்கி உலோக நிறம் கொடுங்கள். அது உராய்ந்தாலும் உண்மையாகவே இருக்கும்.

தெர்மாக்கோலில் செதுக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாதாரண ஸ்பிரே பெயின்ட்டின் கரைப்பான் தெர்மாக்கோலைத் தின்றுவிடும். முதலில் வெள்ளை ஃபெவிகாலும் டிஷ்யூ தாளும் கொண்டு இரண்டு அடுக்கு போர்த்தாமல் அடிக்கக் கூடாது. இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழையில் ஸ்பிரே வேலை வேண்டாம். காற்றின் ஈரம் லாக்கரில் மாட்டி வெள்ளை பூத்துவிடும். வேறு வழியில்லை என்றால் அறைக்குள், ஜன்னல் திறந்து, மாஸ்க் போட்டு, முன்னதாக டப்பாவை வெந்நீரில் அல்ல, வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்து அடியுங்கள்.

கண்ணுக்கு 5 மி.மீ. சிவப்பு எல்.இ.டி. மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கைநிறையக் கிடைக்கும். 9 வோல்ட் பேட்டரியோடு 390 ஓம் ரெசிஸ்டர் என்பது கணக்குப்படி சரி, சுமார் 18 மில்லி ஆம்பியர் ஓடும். ஆனால் கேமராவுக்கு அது அதிகம். டிஜிட்டல் சென்சாரில் சிவப்பு நிரம்பி வழிந்து, நடுவில் வெள்ளைப் பொட்டாகிவிடும், கண் சிவப்பாகவே தெரியாது. 1 கிலோ ஓம் அல்லது 2.2 கிலோ ஓம் போட்டு, முன்னால் டிரேசிங் தாள் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனி ரெசிஸ்டர்.

படத்தின் போஸ்டரில் உள்ள லேசர் துப்பாக்கி இன்று சிரிப்பை வரவழைக்கும். அன்று சிவப்பு ஒளி தரும் டையோடு லேசர் கைக்கு வரவில்லை. ஹீலியம் நியான் குழாய் வைத்து, அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, சுவிட்சை ஷ்வார்செனகரே தட்ட வேண்டியிருந்தது. இன்று 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் மாட்யூல் ஒரு சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும். கோடு தெரிய வேண்டுமென்றால் புகை கட்டாயம். கடற்கரையில் எடுத்தால் மெரினா காற்று புகையை நிற்க விடாது, மூடிய இடம் பாருங்கள். லேசரை நடிகர் கண்ணிலும் அடிக்கக் கூடாது, லென்ஸிலும் அடிக்கக் கூடாது. சென்சாரில் ஒரு புள்ளி கருகினால் வாடகைக் கேமராக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டார். துப்பாக்கி டம்மியாகவே இருந்தாலும் சாலையில் இறங்கும் முன் போலீஸ் அனுமதியும், அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குக் கடிதமும் வேண்டும். கேமரூன் சில ஷாட்டுகளை அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டு ஓடியது சுவையான செய்திதான், பின்பற்றத் தக்கதல்ல.

இரவுத் தெருதான் இந்தப் படத்தின் பெரிய இலவச செட். சென்னையில் தெருவிளக்குகள் பெரும்பாலும் எல்.இ.டி.க்கு மாறிவிட்டதால் பழைய மஞ்சள் சோடியம் நிறம் இப்போது எளிதில் கிடைக்காது; வெள்ளை வெளிச்சத்தைக் கலரிங்கில் நீலத்துக்குத் தள்ளுவது சுலபம், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சிக்கல், மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃபிரேமில் ஷட்டர் கோணத்தை 180 டிகிரி வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம் 1/48 நொடி வரும், சில விளக்குகளின் கீழே படத்தில் பட்டைகள் ஓடும். 172.8 டிகிரி வையுங்கள், சரியாக 1/50 நொடி. அப்படியும் சில மலிவு எல்.இ.டி. பல்புகள் அடங்காது. முதல்நாள் இரவே அந்தத் தெருவுக்குப் போய் ஒரு நிமிடம் எடுத்து, பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும்.

காரைத் துரத்தும் காட்சிக்கு ஓடும் கார் தேவையில்லை. நிற்கும் காரின் பின்கண்ணாடிக்கு அப்பால் பெரிய டி.வி.யில் முன்பே எடுத்த தெருவை ஓடவிட்டு, லென்ஸை எஃப் 2 அளவில் திறந்து பின்னணியை மங்கவிடுங்கள். கூர்மையாகத் தெரிந்தால் திரையின் புள்ளிகள் அலை அலையாக வரும். ஒருவர் மரச்சட்டத்தை நெம்பி பம்பரை மெல்ல ஆட்ட, இன்னொருவர் விளக்கைக் கூரைக்கு மேலே முன்னிருந்து பின்னாகக் கொண்டுபோக வேண்டும். வெளிக் காட்சியில் வேகம் வேண்டுமென்றால் 20 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் இருபது சதவீதம் கூடும். 18-க்குக் கீழே போகாதீர்கள். ஓரத்தில் யாராவது நடந்தால் சாப்ளின் படம் ஆகிவிடும்.

கடைசியாக, படத்தை எப்படிப் பார்ப்பது. வன்முறையும் ஒரு படுக்கையறைக் காட்சியும் உண்டு, சின்னப் பிள்ளைகளோடு உட்காராதீர்கள். திரையரங்குக்கு வந்தபோது ஒலி மோனோ, அதாவது ஒற்றைத் தடம். பின்னாளில் பல தட ஒலியாக மாற்றியபோது துப்பாக்கிச் சத்தங்களையும் மாற்றினார்கள். அவை பெரிதாக இருக்கின்றன, ஆனால் படத்தின் மற்ற ஒலிகளோடு ஒட்டவில்லை. உங்கள் வட்டிலோ தளத்திலோ மோனோ தடம் இருந்தால் அதையே போடுங்கள். 2024-இல் வந்த 4கே வடிவம் வரை படம் பலமுறை துடைக்கப்பட்டிருக்கிறது. துடைக்கத் துடைக்க மினியேச்சரின் ஓரங்களும் தெளிவாகத் தெரிகின்றன என்பதால், பட்டறை வேலை கற்க அது நல்லது, பயப்படுவதற்குப் பழைய வடிவமே நல்லது.

வட்டில் நீக்கப்பட்ட காட்சிகள் இருந்தால் படம் முடிந்த பிறகு பாருங்கள். கடைசிச் சண்டை நடந்த தொழிற்சாலையே இயந்திரங்களை உருவாக்கப்போகும் சைபர்டைன் கம்பெனி என்றும், நசுங்கிய உடம்பிலிருந்து சில்லு ஒன்றை ஊழியர்கள் எடுக்கிறார்கள் என்றும் ஒரு காட்சி உண்டு. எடுத்தாகிவிட்டது, காசும் செலவாகிவிட்டது, இருந்தும் தூக்கிவிட்டார்கள். அந்தச் சில்லை 1991-இல் இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டது. முதல் படத்தில் அது இருந்திருந்தால், சாரா தப்பித்த மூச்சை விடுவதற்குள் நாம் கம்பெனிப் பலகையைப் படித்துக்கொண்டிருப்போம்.